அய்யாவு குடித்ததாக எழுதச் சொன்னது

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரி நாற்காலியில் பிறந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? கிள்ளானில் எங்கள் ஃப்ளாட்டில் பக்கத்து வீட்டு அய்யாவு, நான் டீச்சராச்சே என்று, டாக்டர் பேசுவதைத் தமிழில் எடுத்துச் சொல்ல என்னைக் கூட்டிப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் கைபேசியில் ஒரு கட்டுரை படித்தேன். வசதி குறைந்த மக்களிடையே கல்லீரல் புற்றுநோய் அதிகமாம். ஏன் என்ற இடத்துக்கு வருவதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். (மீதியை இன்னும் படிக்கவில்லை. படித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.)

2

முதல் தொடக்கம்: "வறுமையின் கோரப் பிடியில் சிக்கிய அய்யாவு..." சே, மேடைப் பேச்சு.

இரண்டாவது: அய்யாவு குடிக்காத மனிதர். வயது நாற்பத்தேழு. ஒரு பேக்டரி கேட்டில் ஜாகா வேலை, அதாவது காவல். பத்து வருஷத்துக்கு முன்பே ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. இரண்டு முறை போனார். மூன்றாம் முறை கேட்டில் நிற்க மாற்று ஆள் கிடைக்கவில்லை. அதன் பிறகு

இங்கேதான் எனக்குக் குழம்புகிறது. இது ஏழ்மையா, அசட்டையா? வேறொரு பேக்டரியில் அதே ஜாகா வேலை பார்க்கும் பழனியப்பன் சர்க்கரைக்குத் தவறாமல் போய் வருகிறாரே என்று அய்யாவு மேல் எரிச்சல்பட்டு ஒரு பக்கம் எழுதினேன். (பழனியப்பனுக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு என்று பிறகு தெரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று.)

3

அன்று டாக்டர் சொன்னது: ஈரலில் கட்டி, புற்றுநோய். கிருமி பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், கூடப் பிறந்தவர்களும் ரத்தம் சோதிக்க வேண்டும். அம்மா பந்திங் பக்கம் எஸ்டேட்டில் வயிறு வீங்கிச் செத்தவர். காமாலை என்று சொல்லிப் புதைத்தார்கள்.

கூடப் பிறந்தவள் ஒருத்திதான், ரமணி. அவளிடம் அய்யாவு, ஈரலில் கட்டி என்பதை மட்டும் சொன்னார். ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்பது எங்கள் ஆட்கள் முடிவு கட்டிய விஷயம். அந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்கு இழுத்துப் போனாள். இனிமேல் தொடமாட்டேன் என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்யவைத்து மஞ்சள் கயிறு கட்டவைத்தாள். ஒரு சொட்டுகூடத் தொடாத மனிதர் கையை நீட்டினார்.

ஏன் நீட்டினார்? கோழை என்று எழுதி அடித்தேன். தியாகி என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் அவரிடமே கேட்டேன்.

4

"முப்பத்தெட்டு வயசுல இப்பதான் ரமணிக்கு ஒரு சம்பந்தம் அமைஞ்சிருக்கு டீச்சர். குடிகாரன் தங்கச்சின்னா கட்டிக்குவாங்க. ரத்தத்துலயே நோய்னா யாரு லா வருவா? கதை எழுதுறீங்கள்ல, நான் குடிச்சேன்னே எழுதுங்க."

"அவளுக்கும் இருந்தா? இப்பவே பாத்தா மாத்திரை இருக்கு அய்யாவு."

"கல்யாணம் முடியட்டும்."

இப்படித்தானே தன் ஸ்கேனையும் தள்ளிப்போட்டார்? கோபம் கோபமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

5

முடிவு ஒன்று: ரமணியிடம் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் முறிகிறது, அவள் பிழைத்துக்கொள்கிறாள்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கல்யாண விருந்தில் மூன்றாவது பந்தியில் உட்கார்ந்து

முடிவு மூன்று: சொல்கிறேன், சோதிக்கிறார்கள், அவளுக்கு ஒன்றுமே இல்லை. கல்யாணத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

எது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

(கதவு தட்டுகிறது.)

ரமணிதான். கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. "டீச்சர், மொதல்ல உங்களுக்குத்தான் வைக்கணும்னு அண்ணன் சொல்லிச்சு. உள்ள வரலாமா?"

இந்தத் தாள்கள் மேசைமேல் விரிந்து கிடக்கின்றன. ரமணி தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எழுத்தைக் கண்டால் படிக்காமல் விடமாட்டாள். மூடிவைக்கவா, அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் போட உள்ளே போகவா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றுகிறாள்.