மேட்டுக்குப் போர்த்திய பனி

எங்கள் உலூர்கா ஸ்டேஷனுக்கு வடக்கே எட்டாவது கிலோமீட்டரில், தண்டவாளம் போகும் மேடு மூன்று கோடைகளாக இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் என்றும் உறைந்து கிடக்க வேண்டிய மண் இளகிவிட்டது. எத்தனை வண்டி ஜல்லி கொட்டினாலும் விழுங்கிற்று. போன வருஷம் செப்டம்பரில் எஞ்சினியர் ரொதியோன் சவேலியேவிச் வந்து அளந்துவிட்டு, "அடுத்த வருஷமும் இப்படி ஒரு சாண் இறங்கினா லைனை மூட வேண்டியதுதான்" என்று சொல்லிப் போனார். எங்களுக்கு வேறு வழி கிடையாது. மாவு, மருந்து, பிரசவத்துக்குப் போகிறவள், எல்லாம் அந்த ரயிலில்தான்.

அந்த லைனைப் பார்த்துக்கொள்ளும் கேங்குக்குத் தலைவி கிளாவ்தியா. அக்டோபரில் முதல் பனி விழுந்ததும், அவள் ஆட்கள் தண்டவாளத்திலிருந்து கூட்டிய பனியை மேட்டின் அடியில் தள்ளித் தட்டி அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் டியூட்டியை முடித்துவிட்டு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"திகோன், என்னய்யா பண்றே?" என்று ஆட்களில் ஒருவனைக் கேட்டாள் கிளாவ்தியா.

"பார்த்தா தெரியலையா கிளாவா? வீட்டுச் சுவரோரம் அணைக்கிற மாதிரிதான். உள்ளே கதகதப்பா இருக்கும்."

"வீட்டுக்குள்ள நீ இருக்கே. மேட்டுக்குள்ள யாருய்யா இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"வருஷாவருஷம் இதுக்குக் கம்பளி போர்த்தியிருக்கோம். கோடை வேற சூடேறிட்டு வருது. குளிர்காலக் குளிரையும் நாமளே உள்ளே விடலைன்னா, இளகாம என்ன செய்யும்?"

அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் இரண்டு சரிவுகளையும் மண் தெரியச் சுரண்டினார்கள். பனியை இருபது அடிக்கு அப்பால் தள்ளினார்கள். மொத்தம் இருபத்து மூன்று முறை. சில நாள் மைனஸ் நாற்பத்தைந்து. முதல் மண்வெட்டி அவளுடையது, கடைசி மண்வெட்டியும் அவளுடையதே. ஒரு கன்னம் உறைந்து கறுத்துப்போயிற்று.

"ஊரே வீட்டுக்குப் போர்த்துது, நீ மேட்டை உரிச்சு நிக்க வைக்கிறே. அதுக்கு வெக்கமா இருக்காதா?" என்பான் திகோன்.

"வெக்கப்படட்டும். விறைச்சா போதும்."

இந்த செப்டம்பரில் எஞ்சினியர் மறுபடி வந்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை அளந்தார். இறக்கம் இரண்டு விரற்கடைதான். எங்களுக்கு மூச்சு வந்தது.

"லைனை மூடற பேச்சே இல்லை. பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாதுங்கற இந்தப் பலகையையும் பிடுங்குங்க. இனி அறுபதுல போகட்டும்!" என்றார் அவர்.

நாங்கள் கைதட்டினோம். கிளாவ்தியா பலகைக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"வேண்டாம், ரொதியோன் சவேலியேவிச். இருபத்தஞ்சு போடுங்க."

"ஜெயிச்சதே நீங்க. நீங்களே ஏன் குறைக்கறீங்க?"

"ரெண்டு விரற்கடை இறங்கியிருக்கே. நின்னுடுச்சுன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? வண்டியில ஆளுங்க இருப்பாங்க. ஒரு குளிர்காலம் போதாது."

அவர் தாளில் இருபத்தைந்து என்று எழுதினார்.

திகோன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்போ இந்த வருஷமும் சுரண்டணுமா?"

"ஆமா. அகலமான மண்வெட்டியா எடுத்து வை" என்றாள் கிளாவ்தியா.