நித்திரையில் சொன்ன பதில்

ஹமீமாவுக்குக் காது கேட்காது என்று தீர்ப்புச் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்துபோன பெண்கள்தான் சொன்னார்கள். ஊர் வாய்க்குப் பட்டம் எதற்கு, படிப்பு எதற்கு?

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அது, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாருமே குண்டு இருக்குமோ என்று ஸீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்த காலம். மிளகு வியாபாரி பலீல் ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கூட்டாளியின் கடை வாசலில் அவளை உட்கார வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினான். குண்டு வெடித்தது. பலீல் மய்யித்தாக, வெறும் உடலாக, சொந்த ஊரான உக்குவளைக்கு வந்தான். பிள்ளை வலது காதில் இரத்தம் வடிய வந்தது. செவிப்பறை கிழிந்திருக்கிறது, தானாக ஆறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் எந்தச் சத்தத்துக்கும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால் கை தட்டினார்கள், தட்டத்தைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கண்டி ரயில் கூவிக்கொண்டு போனபோதும் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். முன்பெல்லாம் வாய் ஓயாத பிள்ளை, ஒரு சொல் பேசவில்லை. அப்படியானால் செவிடுதான் என்று வீடே முடிவு கட்டியது. சோற்றுக்கு வாயில் விரல் வைத்துக் காட்டுவது, நித்திரைக்குக் கன்னத்தில் கை வைத்துக் காட்டுவது என்று எல்லாம் சைகையாகிப் போனது.

தாய் மஸீனா இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தான பெண் நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். திரை போட்ட ஓர் அறைக்குள் அவள் இருக்க, துக்கம் கேட்க வந்த பெண்கள் ஆள் மாற்றி ஆள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். வருகிறவள் ஒவ்வொருத்திக்கும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். பாரம் எங்கே இறங்கியது? சொல்லிச் சொல்லிக் கதைதான் தேய்ந்து ஒரே வடிவத்துக்கு வந்தது.

"இவதான் கீச்சுச் சப்பாத்து வேணும்னு ஒரே அடம். அத வாங்கத்தான் ரோட்டத் தாண்டிப் போனாரு. போனவரு வரல்ல."

காலை வைத்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும் சப்பாத்து அது. அந்தப் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளின் காலிலும் கிடந்தது. மஸீனா குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். ஆனால் 'இவதான்' என்னும்போது அவள் கை தன் மடியில் கிடந்த ஹமீமாவின் தலையைத் தொடும். வந்தவளும் நாக்கால் 'ச்சு' கொட்டிவிட்டு, பாவம், இதுக்கு என்ன வெளங்கும் என்பாள். ஒருத்தி மட்டும், பிள்ளையுடைய நசீபு, அந்தத் தலையெழுத்துதான், தகப்பனை இழுத்துவிட்டது என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனாள். நல்லா இருக்கட்டும் அந்த மகராசி.

மஸீனாவுக்குத் தெரியவேண்டியிருந்ததோ வேறு ஒன்று. கடைசி நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது? பயந்தாரா? யாரையாவது கூப்பிட்டாரா? பலீலின் அக்கா பீபியிடம் சொல்லி, டவுனுக்குப் போய்வந்த ஆண்களிடமெல்லாம் விசாரித்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்காரக் கூட்டாளியும் அந்த நேரம் உள்ளே தராசடியில் நின்றிருக்கிறார். நித்திரை வராத நேரமெல்லாம் இந்தக் கேள்விதான் அவளைத் தின்றது.

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஹமீமா காலில் எதையுமே போட மறுத்தாள். செருப்பை மாட்டினால் உதறினாள். கக்கூசுக்கும் வெறுங்கால், மழைச் சேற்றிலும் வெறுங்கால். செவிட்டுப் பிடிவாதம் என்று விட்டுவிட்டார்கள்.

இத்தா முடிந்தது. பீபி கெட்டவள் இல்லை. தம்பி பிள்ளைக்கு ஒரு வழி செய்ய வேண்டுமே என்று அலைந்து, காது கேட்காத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் பிடித்துவிட்டாள். தூரத்து ஊர், லீவுக்குத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மஸீனா மகளை மடியோடு இழுத்துக்கொண்டாள். புருஷனையும் கொடுத்தாயிற்று, இதையும் அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் யாரைப் பார்த்துக்கொண்டு இருப்பது? ஒரேயொரு தடவை நல்ல இடத்தில் காட்டுவோம் மதினி, கேட்கவே இல்லை என்றால் நானே கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். பீபி சரி என்றாள்.

மாத்தளையில் ஒரு சின்ன கிளினிக்கில் தங்கேஸ்வரி என்ற பெண் கேள்திறன் பார்த்தாள். மேல்படிப்புக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கினால் போதும் என்றாள். விடியும் முன்பே எழுப்பி, வழியில் கண்ணயர விடாமல் கூட்டிவரச் சொன்னாள். அதனால் மஸீனா த்ரீவீலரில் வழிநெடுக மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். அறைக்குள் மடியில் சாய்த்ததும் ஹமீமா அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

தங்கேஸ்வரி உச்சந்தலையிலும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசை தொட்டு ஒயர்களை ஒட்டினாள். முதலில் 'டிக் டிக்' என்ற சத்தத்தைக் காதுக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு அதை நிறுத்திவிட்டு, பேச்சுச் சத்தம் ஒன்றைப் போட்டாள். 'தா' என்ற ஒரே எழுத்து, திரும்பத் திரும்ப, ஆயிரக்கணக்கான தடவை.

டிக் சத்தம் கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும், மனுஷர் பேசுவது உள்ளே எப்படிப் போகிறது என்று பார்க்கப் பேச்சைத்தான் அனுப்ப வேண்டும் என்று மெல்லிய குரலில் விளக்கினாள். மூளைக்கு அடியில் ஒரு தண்டு இருக்கிறது, காதில் விழுவது எல்லாம் அதன் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். ஆள் தூங்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நல்ல தண்டாக இருந்தால், வந்த சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே மின்சாரத்தில் எழுதிவிடும்.

மஸீனாவுக்குப் பாதிதான் புரிந்தது. திரையில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து போனது. அவள் கோட்டைப் பார்க்கவில்லை, தங்கேஸ்வரியின் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு தங்கேஸ்வரி ஒரு சின்ன ஸ்பீக்கரை மஸீனாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பிள்ளையோட தலையில இருந்து எடுத்தத இப்ப சத்தமா மாத்திப் போடப்போறேன். கேளுங்க."

குடத்துக்குள் வாயை வைத்துப் பேசியதுபோல் கரகரவென்று வந்தது. ஆனால் தெளிவாக வந்தது. தா. தா. தா.

மஸீனா மடியைப் பார்த்தாள். ஹமீமாவின் உதடு அசையவில்லை. மாதக்கணக்காக ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளை, நித்திரையில், மண்டைக்குள்ளிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"காது ஆறிட்டு. தண்டும் சரி. இந்தப் பிள்ளைக்கு நல்லாக் கேக்குது. அதிர்ச்சியிலதான் திரும்பாம, பேசாம இருக்கு" என்றாள் தங்கேஸ்வரி.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே மஸீனா அழுதாள். விடுதிக்கு அனுப்ப வேண்டியதில்லை. பிள்ளை வீட்டிலேயே இருக்கும். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சட்டென்று அழுகை நின்றது.

"மிஸ், காது எப்ப ஆறியிருக்கும்?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம். மத்தக் காதுக்கு ஒண்டுமே ஆகல்ல. அது முதல்ல இருந்தே கேட்டிருக்கும்."

இத்தா அறைக்குள் பேசியது எல்லாம் மஸீனாவின் நெஞ்சில் வந்து விழுந்தது. இவதான் ஒரே அடம். அத வாங்கத்தான் போனாரு. எத்தனை பேரிடம், எத்தனை தடவை! மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தொட்டுக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். பாவி, பெற்ற வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அந்த வெறுங்காலின் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

கேட்டது எல்லாம் விளங்கியும் இருக்குமா என்று தங்கேஸ்வரியிடம் கேட்டாள். அதை இந்த ஒயர் சொல்லாது தங்கச்சி, பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஒயர்களை மெதுவாகக் கழற்றி, கதவைச் சாத்திக்கொண்டு அவள் வெளியே போனாள்.

ஹமீமா கண் விழித்தாள். மஸீனா கையால் சைகை காட்டவில்லை. சேறு காய்ந்த அந்தப் பாதங்கள் இரண்டையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன கதையை முதல் தடவையாகச் சரியான ஆளிடம் திருத்திச் சொன்னாள். சப்பாத்துக் கேட்டது பிழையே இல்லை, பிள்ளைகள் கேட்கத்தான் செய்யும். வாங்கிக் கொடுக்க வாப்பாவுக்குத்தான் உன்னைவிட ஆசை. குண்டு வைத்தவன்தான் வாப்பாவைக் கொன்றான். உம்மா கண்டபடி பேசிவிட்டேன்.

"உம்மாவ மன்னிச்சிரு மகள்."

ஹமீமா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே ஏதோ லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மஸீனா பாதங்களை விடவில்லை.

"எனக்குச் சப்பாத்து வேணாம் உம்மா" என்றாள் ஹமீமா. துருப்பிடித்த குரல். "வாப்பா அங்கிட்டுக் கடையில நிண்டு ரெண்டு சோடி தூக்கிக் காட்டினாரு. நீலமா செவப்பான்னு. நான் செவப்பக் காட்டினேன்."

ஊரில் ஒருவருக்கும் தெரியாதது இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. செவிடு என்று சொல்லி, கண்ணால் பார்த்த ஒரே ஆளிடம் யாருமே கேட்கவில்லை. நாலு மாசத்துக்கும் மேலாக நெஞ்சை அரித்த கேள்வி, கேட்கப் பயமாக இருந்தும், மஸீனாவின் வாயில் வந்துவிட்டது.

"அப்ப வாப்பா என்ன செஞ்சாரு?"

ஹமீமா சுவரைவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சாரு" என்றாள்.