முட்டை மருந்து

செலஸ்டின் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தோட்டத்து வாய்கள் சும்மா இருக்காது. புருஷன் டக்ளஸ் வயிற்றைப் பிடித்துச் சுருண்டு, சோற்றைக் கண்டாலே பயந்து, ஆள் பாதியாய் இளைத்தபோது ஊர் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தெம்புக்குத் தருகிற பிராந்தியை முட்டையில் அடித்து, ஏலக்காயும் சீனியும் போட்டு, தினமும் விடியற்காலையில் கொடுத்தாள்.

பிராந்தி என்று அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவன் அப்பா சம்சுச் சாராயம் குடித்தே செத்தவர். அந்தச் சவப்பெட்டிக்கு முன்னால் அந்தோணியார் படத்தைத் தொட்டு, ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் டக்ளஸ். ஆகவே, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் கொடுத்த டானிக் என்றாள். அவனும் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம், மலேசியாவில் ஜித்ரா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுவந்தாள். மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடுகிற நர்ஸ் அவன் வாய்ப்பக்கம் குனிந்து முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள்.

“குடிச்சிட்டு வந்திருக்கான். தெளியட்டும், அப்புறம் ஊசி போடலாம்.”

“அந்தோணியார் மேல ஆணையா நான் குடிக்கலைங்க மிஸ்ஸி.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க லா.”

செலஸ்டின் கட்டிலருகே உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் அவன் சத்தியத்தைக் கெடுத்தவள் அவள்தான் என்று தெரிந்துபோகும். திறக்காவிட்டால் அவன் வலியிலேயே கிடக்க வேண்டும். பாவி மனசு அப்போதும் யோசித்தது. அவன் தலையணையைக் கடித்து முனகியபோதுதான் எழுந்துபோய், அங்கே வந்த டாக்டர் நடராஜாவின் முன்னால் நின்றாள்.

“அவர் பொய் சொல்லலைங்க டாக்டர். நான்தான் முட்டையில பிராந்தி கலந்து கொடுத்தேன். அவருக்குத் தெரியாது.”

டக்ளஸ் அவளைப் பார்த்தான். டாக்டர் முதலில் ஊசியைப் போடச் சொன்னார். பிறகு தன் வயிற்றின் மேல் கையை வைத்துக் காட்டினார்.

“இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒன்னு இருக்கும்மா. இவருக்கு அது கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு. எதனாலன்னு எனக்கே சரியாத் தெரியலை. ஆனா நீங்க கொடுத்த ஒவ்வொரு கரண்டியும் புண்ணுல மிளகாயைத் தேய்ச்ச மாதிரி.”

பக்கத்துக் கட்டிலில் இதே வியாதியோடு கிடந்தவனின் அக்கா பிச்சையம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயோ, நானும் தம்பிக்கு அதைத்தானே கொடுத்தேன், மருந்துன்னு நெனச்சு.”

டாக்டர் மிஸ்ஸியின் பக்கம் திரும்பினார். “குடிக்கிறியான்னு மட்டும்தானே நாம கேட்டுக்கிட்டு இருந்தோம்,” என்றார்.

அதற்குப் பிறகு, டாக்டர் கேட்டுக்கொண்டபடி, செலஸ்டின் வியாழக்கிழமை கிளினிக்கில் பெஞ்சில் உட்கார்ந்தாள். புதிதாய் வருகிறவர்களிடம் தன் கதையை முதலில் சொல்லிவிட்டு, “வீட்டுல மருந்துன்னு என்ன கொடுக்குறீங்க அக்கா?” என்று கேட்பாள். டாக்டரிடம் வாய் திறக்காத பெண்கள் அவளிடம் சொன்னார்கள். வாயை முகர்ந்துவிட்டு ஊசியைத் தள்ளிப்போடுகிற வழக்கமும் அந்த வார்டில் நின்றது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். பெயரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

டக்ளஸ் அவளைத் திட்டவே இல்லை. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பாள். அவள் கஞ்சியை நீட்டினால் கிண்ணத்தை வாங்கி, முதலில் மூக்கருகே கொண்டுபோவான். அவன் முகர்ந்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நிற்பாள். பிறகுதான் குடிப்பான்.