கீழே விட்ட கிளை

“இந்த மலை வேலை முடியட்டும். அப்புறம் புள்ளையைக் கூட்டிட்டு வந்துடலாம்.”

“உங்க அக்கா குடுப்பாங்களா?”

“வளர்க்கத்தானே விட்டிருக்கோம்? கேட்டா குடுக்காமயா போயிடுவா?”

கெபேகாவில் அக்கா வீட்டில் மகளை விட்டுவிட்டுத் திரும்பிய பேருந்தில் கணவன் லுங்கிசா சொன்னது நோசூகோவுக்கு இன்னும் அப்படியே நினைவிருந்தது. மகள் சினாசோவுக்கு அப்போது பால்பல்கூட முழுதாக முளைக்கவில்லை. இப்போது மூன்றாம் வகுப்பு. தோசாமா அக்காவை அம்மா என்கிறாள். போனில் நோசூகோவை அத்தை என்று கூப்பிடுகிறாள்.

ஹெலிகாப்டர் அவர்களை மறுபடியும் கௌகா மலைமுகட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஓடைநீரை உறிஞ்சிவிடும் பைன் மரங்களை அன்று துப்புரவாக வெட்டிய அதே சரிவுதான். இரண்டு வருடம் முன்பு தீ பிடித்ததில் பைன் காய்கள் வெடித்து, யாரோ வாரி விதைத்ததுபோல் இடுப்புயரத்துக்குக் கன்றுகள் நின்றன. கீழே ஓடை இருந்த இடத்தில் வெறும் கல். குனிந்து குனிந்து பிடுங்கியதில் முதுகு தனியாகக் கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது.

ஆண்கள் கயிற்றில் தொங்கிப் பாறை இடுக்கு மரங்களை வெட்டுவார்கள். நோசூகோ விளிம்பில் நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வாள். ஒருவன் தொங்கும்போது வீட்டுப்பேச்சு கூடாது என்பது லுங்கிசாவே வைத்த சட்டம். மேலே வந்தாலோ, வேகவைத்த சோளத்தையும் பீன்ஸையும் விழுங்கிவிட்டு பூட்ஸோடு தூங்கிவிடுவான். அவளும் எழுப்ப மாட்டாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. “இத்தனைக்கும் விதை போட்ட தாய்மரம் கிடைச்சிருச்சு,” என்றான் லுங்கிசா. “பழைய வெட்டு. நான் வெட்டுனதுதான். கீழ ஒரு கிளையை விட்டிருக்கேன்.”

கடைசிப் பச்சைக் கிளைக்கும் கீழே வெட்டினால் பைன் செத்துவிடும். ஒன்றை விட்டாலும் அது நிமிர்ந்து மரமாகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைத்தான் அவன் முதலில் சொல்லிக்கொடுப்பான்.

எதிர்ச்சரிவில் வெட்டிக்கொண்டிருந்த வெலிலே வாக்கி டாக்கியிலேயே சிரித்தான். “பொண்டாட்டி நினைப்புல வெட்டினா இப்படித்தான் அண்ணே.”

லுங்கிசா சிரிக்கவில்லை. “புள்ளைய விட்டுட்டு வந்த வாரம்டா அது,” என்றான்.

மறுபடியும் ரம்பம் அறுக்கும் சத்தம் மேலே வந்தது. அவனும் மறக்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் சரிவைப் பார்த்தாள். பள்ளத்தாக்கு வரைக்கும் பச்சை. அடுத்த மேட்டிலும் பச்சை. இது முடிகிற வேலை இல்லை.

பொத்தானை அழுத்தினாள். வெலிலே கேட்பான். கூடாரத்தில் சமைப்பவள்கூடக் கேட்பாள். கேட்கட்டும்.

“சினாசோ அப்பா.”

ரம்பம் நின்றது. அவள் காலடியில் கயிறு விறைப்பாக, அசையாமல் கிடந்தது.

“சொல்லு.”

“நீங்க மலையில இருங்க. நான் இனி வரல, வீட்டுல இருக்கேன். கீழ இறங்கினதும் அக்காகிட்ட நீங்களே கேளுங்க. நம்ம புள்ளைய நம்மகிட்ட குடுத்துடச் சொல்லுங்க.”