புதுப் பெட்டியின் நிசப்தம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், காது மூக்கு தொண்டை டாக்டர் வீட்டுக்கு, வியாழக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணியளவில், புது ஸ்ட்ரீமர் வந்து சேர்ந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மூன்றாமவர் கதவைப் பிடித்துக்கொண்டார். மனித குலம் அன்று வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்தது. விஷயம் தெரியாததால் அதை மன்னித்துவிடலாம்.

ஸ்ட்ரீமர் என்பது இணையத்தில் கிடக்கும் பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையர் கையில் கொடுக்கும் பெட்டி. தபால்காரர் உத்தியோகம். டாக்டரிடம் ஏற்கெனவே சோப்புப் பெட்டி அளவில் ஒன்று இருந்தது. நாலு வருஷமாக முணுமுணுக்காமல் உழைத்தது. புதியது முப்பது மடங்கு விலை, நாற்பது மடங்கு கனம். முகப்பில் ஒரே ஒரு விளக்கு. எரிகிறதா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும். அடக்கமாம்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தன் கிளினிக் டெக்னீஷியனை வீட்டுக்குக் கூப்பிட்டார். நோயாளிகளின் காதுக்குள் சன்னமான சத்தங்களை அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவது டெக்னீஷியனின் வேலை. அவருக்கும் அன்று ஒரு காரியம் இருந்தது. மனைவியும் மகளும் எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் வேறு ஊரில். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இப்போது அவருக்கும் இடம் கிடைத்திருந்தது. அவரை விடுவிப்பதாக டாக்டர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். கடிதத்தை அடித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தார்.

சோபாவின் நடுவில் டேப் ஒட்டி ஓர் இடம் குறித்திருந்தது.

"அங்க உக்காரு. தலைய அசைக்காத," என்றார் டாக்டர்.

பழைய பெட்டியில் ஒரு வயலின். பிறகு புதிய பெட்டியில் அதே வயலின்.

"எப்படி?"

பையில் கடிதம் குத்தியது. "தெரியுது சார்."

"என்ன தெரியுது?"

பொய்க்குத் துணைக்கேள்வி வரும் என்று அவர் நினைக்கவில்லை. "அந்த... நடுவுல, சார்... ஒண்ணுமே இல்லாத இடத்துல..."

டாக்டர் எழுந்தேவிட்டார். "நிசப்தம்! ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கிற நிசப்தம்! இத சொல்ல ஒரு ஆள் கிடைக்க மாட்டானான்னுதான்யா தவிச்சேன்!"

டீக் கோப்பைகளை வைத்த டாக்டரின் மனைவி சொன்னார்: "நிசப்தம்தான் வேணும்னா ஆஃப் பண்ணிடலாமே. அதுக்கு எதுக்குப் பெட்டி?"

"இவளுக்குக் காது பத்தாது," என்றார் டாக்டர்.

கடிதத்தை நீட்ட அது நல்ல வேளையாகத் தோன்றவில்லை.

திங்களன்று டாக்டர் நிசப்தத்தைப் பற்றி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் நாலு பத்தி எழுதினார். அதிலிருந்த பல் டாக்டர் ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: 'மொதல்ல உனக்குக் காது கேக்குதான்னு பாரு.' முப்பது வருஷமாக ஊரார் காதை எட்டிப் பார்த்தவர், தன் காதை ஒருநாளும் சோதித்ததில்லை. சமையல்காரர் தன் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பாரா என்ன?

செவ்வாய் மத்தியானம், கடைசி நோயாளி போனதும், "போடு எனக்கு டெஸ்ட்ட," என்றார். "ரிப்போர்ட்ட குழுவுல போட்டு அவன் வாய அடைக்கிறேன்."

சோதனை அறை பீரோவைவிடச் சற்றுப் பெரியது. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு கண்ணாடி ஜன்னல், அரையடித் தடிமனில் கதவு. டாக்டர் விண்வெளிக்குப் புறப்படுகிறவர்போல உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சத்தம் கேட்டால் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும்.

கனத்த சத்தங்களுக்கு ஒழுங்காக அமுக்கினார். மெல்லிய கீச்சுகளுக்குப் போனதும் பட்டன் ஓய்ந்தது. டெக்னீஷியன் சத்தத்தைக் கூட்டினார். மேலும் கூட்டினார். ஜன்னலுக்கு அப்பால் டாக்டர் சாந்தமாக இருந்தார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடுநடுவே ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருந்து பார்ப்பார்கள், ஊகத்தில் அமுக்குகிறவர்களைப் பிடிக்க. டெக்னீஷியன் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

டாக்டர் அமுக்கினார்.

மறுபடி சும்மா இருந்தார். டாக்டர் கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டி, ரசித்து அமுக்கினார். இப்படி ஆறு தடவை.

"எப்படிப் போகுது?" ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல்.

"அருமையா போகுது சார்."

டாக்டர் முகம் கழுவப் போன நேரத்தில் டெக்னீஷியன் மனைவிக்குப் போன் செய்தார்.

"டாக்டர் காதுக்குப் போட்ட கோடு பாதியிலயே படிக்கட்டுல உருண்ட மாதிரி விழுது. உள்ளத உள்ளபடி போட்டா கையெழுத்து கிடைக்காது."

"இன்னிக்கு உங்க பொண்ணு குடும்பப் படம் வரைஞ்சா," என்றாள் மனைவி. "நான் இருக்கேன், அவ இருக்கா. உங்கள ஒரு செவ்வகமா வரைஞ்சிருக்கா. கேட்டா, அப்பா போன்ல இருக்காருங்கறா."

"அதுக்காகப் பொய் ரிப்போர்ட் கொடுக்கச் சொல்றியா?"

"ஆமா. கொடுத்துட்டு பஸ் ஏறுங்க. மனசாட்சிக்கு ஒரு சீட் சேர்த்துப் போட்டுக்கலாம்."

அவர் சோதனை அறைக்குள் போய், நோயாளி நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்தார். தன் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்டது. பிறகு வெளியே வந்து, பச்சைக் குழந்தைக்கும் அமையாத நேர்க்கோடு ஒன்றைப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படம் எடுத்தார், குழுவில் போட்டார், பல் டாக்டர் படித்துவிட்டதைக் காட்டும் நீலக் குறி விழும்வரை காத்திருந்தார். இதைவிட நல்ல வேளை வராது. டெக்னீஷியன் கடிதத்தை நீட்டினார்.

டாக்டர் படித்து, திரும்ப மடித்தார்.

"உன்ன விடுறதா? நல்லா கேட்ட போ! இந்த ஊர்லயே நிசப்தத்தக் கேட்டவங்க ரெண்டே பேரு."

"சார், என் குடும்பம் அங்க..."

"குடும்பம் எங்கய்யா ஓடிடப் போகுது? பாரு, குழுவுல எட்டுப் பேர் உன்கிட்டயே டெஸ்ட் எடுக்கணும்ங்கறாங்க. அடுத்த மாசம் பெட்டிக்குப் புது ஒயர் வேற வருது, அத யார் கேப்பா? அந்த ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் என் மாணவன்தான். இப்பவே போன் போடுறேன், நீ வரலன்னு."

டெக்னீஷியன் வாயைத் திறந்தார். அந்தக் கோடு பொய் சார் என்று சொல்லலாம். சொன்னால், பொய்க் கோட்டின் கீழே இருப்பது அவர் கையெழுத்து. அப்புறம் எந்த ஊர் ஆஸ்பத்திரியும் அவரைக் காது பக்கம் விடாது. கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் அதற்குள் எண்ணை அழுத்திவிட்டிருந்தார்.

ஞாயிறு வந்தது. டேப் ஒட்டிய இடத்தில் உட்கார்ந்தார், தலையை அசைக்காமல். பழைய பெட்டி. புதிய பெட்டி. இந்தத் தடவை டாக்டருக்காகக் கேட்கவில்லை, தனக்காகக் கேட்டார். ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தால்கூடப் போதும், ஒரு பொய்யாவது குறையும். மூச்சை அடக்கி, கண்ணை இறுக மூடி, ஊரிலேயே நல்ல அந்தக் காதுகளால் மூன்று தடவை கேட்டார்.

இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.