பத்து மதிப்பெண் மன்னிப்பு

அப்சானா டீச்சர் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்ததில், விஜியின் பக்கத்தில் வந்து அமர்ந்தவள் அவளுடைய சித்தப்பா மகள் பாண்டிச்செல்வி. ஐப்பசியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நிலங்களுக்கு நடுவே வரப்பாக இருந்த பொழியை யாரோ வெட்டிவிட, மழைத்தண்ணீர் புகுந்து விஜி வீட்டு உளுந்தெல்லாம் அழுகிப்போனது. விஜியின் அய்யா தன் தம்பி மேலேயே புகார் கொடுத்தார். பார்த்த சாட்சி விஜி. சித்தப்பா பதினைந்து நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார்.

ஜோடியாக ஆட வேண்டியது, சண்டையைப் பேசித் தீர்க்கப் பழக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. திரையில் இரண்டு விவசாயிகள், ஒரே பண்ணைக்குட்டை. இருவரும் கலந்து பேசித் தண்ணீரைப் பங்கிட வேண்டும்.

ஊரில் பேச்சு முறிந்தவர்கள் ஆட்டையோ கோழியையோ பார்த்துத்தான் சேதி சொல்வார்கள். பாண்டிச்செல்வி திரையைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏ பொம்மை, பக்கத்துல இருக்கவியள மொதல்ல தண்ணி எடுக்கச் சொல்லு.”

“ஏலே, பொம்மைய தூது விடுதா பாருலே!” என்றான் பின்னாலிருந்து சுடலைக்குமார். வகுப்பு சிரித்தது.

தன் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று விஜிக்கு ஏக்கமாக இருந்தது. ‘மன்னிப்புக் கேள்’ என்ற கட்டத்தை அழுத்தினாள். திரையில் விவசாயி கைகூப்பினார். பத்து மதிப்பெண். பாண்டிச்செல்வி ‘ஏற்றுக்கொள்’ என்பதை அழுத்தினாள். இன்னொரு பத்து.

“சபாஷ்! நீங்கதான் முதல்ல முடிச்சிருக்கீங்க” என்றார் டீச்சர்.

பாண்டிச்செல்வியின் கண் திரையை விட்டு நகரவில்லை. “எங்க அய்யா பதினஞ்சு நாளு உள்ள இருந்தாவ. அதுக்கு எந்தப் பட்டன அமுக்கணும்னு கேளு, பொம்மை.”

விஜி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் பாக்கல, செல்வி.”

“என்னது?”

“சித்தப்பா மம்பட்டியோட போனதத்தான் பாத்தேன். வெட்டுனத பாக்கல. ‘பாத்தேல்லா?’ன்னு அய்யா அழுதுக்கிட்டே கேட்டாவ. ஆமான்னுட்டேன்.”

பாண்டிச்செல்வி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். கண்கள் நிறைந்திருந்தன.

“எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? பெரியப்பாட்ட சொல்லுவியா? வெள்ளிக்கிழமை கோர்ட்டுல சொல்லுவியா?”

சொன்னால், அய்யா தன்னோடு பேசாமலே போய்விடலாம். விஜிக்கு அது நன்றாகத் தெரிந்தது. எழுந்து டீச்சரிடம் போனாள்.

“டீச்சர், அய்யாவுக்கு ஒரு போன் போடணும்.”

அவள் முகத்தைப் பார்த்த அப்சானா எதுவும் கேட்காமல் போனைக் கொடுத்தார். விஜி வராந்தாவில் நின்று எண்களை அழுத்தினாள். பாண்டிச்செல்வியும் வெளியே வந்து, நான்கடி தள்ளி நின்றாள். கிட்டே வரவில்லை. போகவுமில்லை.

“அலோ, யாரு?” என்றது அய்யாவின் குரல்.

“நாந்தான்யா, விஜி. அன்னிக்கு நான் சொன்னது பொய்யி.”