குனிந்த தலையோடு ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர்

மகள் முதன்முறையாக கேப்டனாக விமானம் ஓட்டப்போகிறாள். அதில் அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை. டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அம்மாவின் வலது கண் காலை வாரியது. விழித்திரை விலகி அவசர ஆபரேஷன். அது திரும்ப ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை விட்டிருந்தார்கள்.

"குமிழி கரையுற வரைக்கும் விமானம் கூடாது. உயரம் போனா அது விரிஞ்சு பார்வையே போயிடும். மலைப்பாதையும் வேண்டாம். எப்பவும் தலை குனிஞ்சே இருக்கணும்," என்றார் கண் டாக்டர்.

இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவளிடம் போகக் கூடாது என்று சொன்னால் கேட்பாளா? சலூன் வைத்திருக்கும் தம்பியைப் பிடித்தாள்.

"அக்கா, வானத்துல ஐம்பத்தஞ்சு நிமிஷம். மலை வழியா ஏழு மணி நேரம். மலையைச் சுத்திப் போனா பத்து. எதுக்கு இந்த வீம்பு?"

"பத்துன்னா பத்து. அவ இறங்குறப்ப நான் அங்க நிக்கணும்."

விடிவதற்கு முன் காரில் கிளம்பினார்கள். அம்மா பின்சீட்டில், மடியில் அடுக்கிய இரண்டு தலையணைகளில் முகம் புதைத்துக் கிடந்தாள். கத்தரி பிடித்துப் பழகிய தம்பிக்கு ஸ்டீயரிங் இன்னும் கைக்கு வரவில்லை. தலையணைக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "இஞ்சின் முக்குது பாரு, கியரைக் குறை." "லாரி பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போகாதே, புகை நாத்தம் இங்க வருது."

"குனிஞ்சுக்கிட்டே என் உயிரை வாங்குறியே!"

காலையிலேயே டயர் பஞ்சரானது. மாற்று டயரிலும் காற்றில்லை. ஆள் தேடிச் சரிசெய்து கிளம்புவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடிப்போனது. மலைப்பாதை பிரியும் இடத்தில் தம்பி வண்டியை ஓரங்கட்டினான்.

"இதுல போனாத்தான் நேரத்துக்குப் போக முடியும். கொஞ்ச நேரம்தானேக்கா உயரம்?"

அம்மாவின் விரல்கள் தலையணை உறையைக் கசக்கின.

"அவளைப் பார்க்கத்தானே போறோம்? கண்ணைக் குடுத்துட்டு எதை வச்சுப் பார்க்கிறது? சுத்தியே போ. நிக்காமப் போ."

பிறகு டீக்குக்கூட நிற்கவில்லை. விமான நிலையத்தை எட்டியபோது மகள் தரையிறங்கி அரை மணி ஆகியிருந்தது. அம்மா போன் செய்தாள்.

"அம்மா, எங்கே இருக்கே?"

"வாசல்ல."

"எந்த வாசல்ல?"

"நீ இறங்குன ஊர்லதான்டி!"

"தரை வழியாவா வந்தே?" என்றாள் மகள். "வெளியே வர முடியாதும்மா. விமானக் கதவை மூடப்போறாங்க, திரும்பிக் கிளம்பணும்."

"வராதே. வேலையைப் பாரு. எந்தப் பக்கமா ஏறுவே, அதைச் சொல்லு."

மகள் சொன்னபடி ஓடுபாதையின் மேற்குக் கோடியில், கம்பி வேலியை ஒட்டிக் காரை நிறுத்தினார்கள். தம்பி கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். இரைச்சல் நெருங்கியதும் அம்மா நிமிர்ந்தாள். வலது கண்ணில் தண்ணீர் தளும்புவது போல ஒரே கலங்கல். அதைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். விமானம் ஓடிவந்து, மூக்கைத் தூக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் மேலே ஏறியது.

"நல்லா எடுக்குறா," என்றாள் தம்பியிடம். "பஸ்ஸா இருந்தா உள்ளே ஒருத்தனும் கம்பியைப் பிடிச்சிருக்க மாட்டான்."